கல்யாண மண்டபத்தில் நனைந்த பட்டுப் பாவாடை

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களைத் தவிர்த்து, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகளுக்கு இப்போது இரண்டு வயது பத்து மாதம். தை மாதத்தில் கொழுந்தனார் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் இரவு ரயிலில் போயிருக்கிறார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் டயப்பரை நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் குழந்தை அழகாகச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்பதால், ரயிலிலும் டயப்பர் வேண்டாம் என்று முடிவு செய்தார் தாய். இரவில் இரண்டு முறை தூக்கத்திலிருந்து எழுப்பி ரயில் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். குழந்தை அலறியது, ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. காலையில் மண்டபத்திலும் மாட்டேன் என்றாள். மாலை மாற்றும் நேரத்தில், மணமேடை ஜமக்காளத்தின் மேல், புதுப் பட்டுப் பாவாடையோடு நனைத்துவிட்டாள். “இவ்வளவு பெரிய பெண்ணாகியுமா?” என்று ஒரு பெரியம்மா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாராம்.

அந்த நான்கு நாளும் மலம் போகவில்லை. ஐந்தாம் நாள், அத்தை என்று அவர் அழைக்கும் மாமியார், வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்திருக்கிறார். போனது, வலியில் கத்தியபடி போனது. அதிலிருந்து இரண்டு மாதமாக, குழந்தை மலம் கழிக்க டயப்பர் கேட்கிறாள், திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். ஜட்டியில் அவ்வப்போது சிறு கறை இருக்கிறது. சொந்த வீட்டில் சிறுநீர் போகிறாள். அடுத்த வீட்டுக்குப் போனால்கூட அடக்கிக்கொள்கிறாள்.

மே மாதம் பழனியில் மொட்டை, காதுகுத்து, காரில் போகிறார்கள். ஜூனில் ப்ரீ-கேஜி. டயப்பர் கூடாது என்பது பள்ளியின் நிபந்தனை. மறுபடியும் டயப்பர் போட்டால் பட்ட பாடெல்லாம் வீணா? பயணத்தன்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கலாம் என்கிறாரே கணவர்? என் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதத்தில் பழக்கிவிட்டேன் என்கிறாரே அத்தை, நான் தவறவிட்டேனா? பொதுக் கழிப்பறையில் தொற்று வராதா? பழனியைத் தள்ளிப் போட்டுவிடட்டுமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, மகளைப் பற்றியது இல்லை. “நானெல்லாம் வெளியூர் கிளம்பினால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன், வீடு வந்து சேரும்வரை அடக்கிக்கொள்வேன், அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் தெரியவில்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் இப்போது பிரச்சினை.

முப்பது ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். பயணத்தில் நனைத்துவிட்ட குழந்தையால் எனக்குக் கவலை வந்ததே இல்லை. துணியை மாற்றினால் முடிந்தது. அடக்கக் கற்றுக்கொண்ட குழந்தைதான் மாதக்கணக்கில் என் அறைக்கு வந்து போகிறது. நம் ஊரில் பெண்கள் எல்லோரும் இதைக் கற்றவர்கள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் பயந்து, பஸ் நிலையக் கழிப்பறைக்குப் பயந்து, கல்யாண வீட்டில் கூச்சப்பட்டு, நா வறண்டாலும் தண்ணீர் குடிக்காமல் ஊர் போய்ச் சேருவதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே வைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். மருத்துவம் படித்த பிறகும் இருந்தேன். வெளியில் ஒவ்வொரு கழிப்பறை வாசலிலும் நாம் மூக்கைப் பொத்தி “சீ, இங்கே வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் போகலாம்” என்று சொல்லும்போது, இடுப்பில் இருக்கும் குழந்தை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் பதிலில் பாதி உங்கள் மகளுக்கு, பாதி உங்களுக்கு.

அன்று இரவு ரயிலில் என்ன நடந்தது

இரண்டரை, மூன்று வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 150 மில்லி கொள்ளும். ஒரு காபி டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளர் நிரம்பப் போகிறது என்ற உணர்வைப் புரிந்துகொண்டு, உங்களிடம் சொல்லி, நீங்கள் கழிப்பறை தேடி, உடையைக் கழற்றும்வரை பொறுத்திருப்பது ஒரு கோர்வையான வேலை. மூன்று வாரப் பழக்கத்தில் அது சொந்த வீட்டில், அதே கதவு, அதே தரை, அதே வாளி இருக்கும் இடத்தில் மட்டும் நடக்கும். இடம் மாறினால் குழந்தை பாதிப் படியில் நின்றுவிடும். சைக்கிள் ஓட்டப் பழகிய மூன்றாம் வாரத்தில் அண்ணா சாலையில் இறக்கிவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்று, பகலில் சொல்லிப் போவதும் இரவில் நனைக்காமல் தூங்குவதும் வேறு வேறு சங்கதிகள். பகல் கட்டுப்பாடு பழக்கத்தால் வருவது. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் சுரப்பும், பை நிரம்பினால் விழித்துக்கொள்ளும் திறனும் தாமாக முதிர்ந்தால்தான் உண்டு. பயிற்சியால் அவற்றை அவசரப்படுத்த முடியாது. ஐந்து வயதுவரை இரவில் நனைப்பதை மருத்துவர்கள் நோயாகவே கருதுவதில்லை. ஆக, இரவு ரயிலில் டயப்பர் இல்லாமல் ஏறியது துணிச்சல்தான், தேவையில்லாத துணிச்சல். நடுத்தூக்கத்தில் எழுப்பி, தடதடக்கிற, காற்று ஊளையிடுகிற, ஆடிக்கொண்டே இருக்கிற ஓர் இரும்பறைக்குள் தூக்கிப் பிடித்தால் யாருக்குத்தான் வரும்? நன்றாக விழித்திருக்கும் பெரியவர்களே கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டுதலோடு உட்காரும் இடம் அது.

இந்த வயதில் கழிப்பறைப் பயம் பொய்ப் பயம் இல்லை. தண்ணீர் இழுத்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் எங்கோ போய்விடுகிறது, அப்படியானால் நானும் போய்விடுவேன் என்பது மூன்று வயதுக் கணக்கு. வெளியிடங்களில் குழந்தையை வெளியே அனுப்பிய பிறகு ஃப்ளஷ் செய்யுங்கள். அந்தச் சிறு காரியத்தில் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் வயிற்றைச் சரி செய்ய வேண்டும்

பழனியைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். ஜட்டியில் படும் அந்தச் சிறு கறையை “சோம்பேறித்தனம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சோம்பல் இல்லை. மலக்குடலில் இறுகிய மலம் தேங்கியிருக்கும்போது, அதன் ஓரமாக இளகிய மலம் கசிந்து வருகிறது. குழந்தைக்கே அது தெரியாது. தெரியாமல் நடப்பதற்குத் திட்டுவது நியாயமா?

நடந்தது இதுதான். பயணத்தில் அடக்கினாள். அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்திலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கல்லாகும். ஐந்தாம் நாள் கல்லாகப் போனபோது வலித்தது. வலித்ததால் அடுத்த முறை இன்னும் அடக்குகிறாள். திரைச்சீலைக்குப் பின்னால் முகம் சிவந்து, கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நிற்கிறாளே, அதைப் பார்த்து “முக்குகிறாள், ஆனால் வரவில்லை” என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அது முக்குவது இல்லை. வருவதை இறுக்கித் தடுப்பது. நிரம்பிய மலக்குடல் முன்னாலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துவதால், திடீரென்று நனைத்துவிடுவதும் இதன் தொடர்ச்சியாக இருக்கலாம்.

வெற்றிலைக் காம்பு வைத்தியத்தை இனி வேண்டாம் என்று அன்போடு, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சோப்புத் துண்டு வைப்பதும் அப்படியே. உங்கள் அத்தை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவருடைய அம்மா அவருக்குச் செய்தது அது. ஆனால் ஏற்கனவே வலிக்கும் இடத்தைப் பிடித்து அழுத்தி எதையோ வைக்கிறார்கள் என்பது மட்டும்தான் குழந்தையின் நினைவில் நிற்கும். அந்த நினைவு மலச்சிக்கலைவிடப் பொல்லாதது. விளக்கெண்ணெயை வாய்வழியாகக் கொடுப்பதும் இந்த வயதில் வேண்டாம்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற, மலத்தை இளக்கும் மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார். “பழகிவிடுமே” என்று இரண்டு நாளில் நிறுத்திவிடாதீர்கள். இது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து இல்லை. மலம் போவது வலிக்காத காரியம் என்பதைக் குழந்தை மறுபடி நம்புவதற்கு வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகிறதா என்று பாருங்கள். பாலிலேயே வயிறு நிரம்பும் குழந்தைகள் கீரையையும் கொய்யாவையும் தொடுவதில்லை, சிக்கலும் விடுவதில்லை.

அதுவரை, மலத்துக்கு டயப்பர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஆம், கொடுங்கள். அடக்குவதைவிட டயப்பரில் போவது ஆயிரம் மடங்கு மேல். சில நாள் கழித்து, டயப்பரோடு கழிப்பறைக்குள் நின்று போகட்டும். பிறகு டயப்பரோடு, குழந்தைகள் மலம் கழிக்க உட்காரும் பிளாஸ்டிக் இருக்கையில் உட்கார்ந்து போகட்டும். ஒவ்வொரு படியும் அவள் வேகத்தில்.

தண்ணீரைக் குறைக்கும் யோசனை

உங்கள் கணவரின் யோசனை கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். உள்ளே போகாவிட்டால் வெளியே வராதே! ஆனால் சிறுநீர் அடர்த்தியானால் கடுக்கும், எரியும். எரிந்தால் குழந்தை இன்னும் அடக்கும். குடலுக்கும் தண்ணீர் போதாமல் மலம் இறுகும். அதுவும் கத்திரி வெயிலில் பழனிக்கு! சாப்பாட்டில் இருக்கும் நீரையும் பாலையும் மோரையும் சேர்த்து இந்த வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலேயே தேவை. வழியில் இளநீர், நீர்மோர், நுங்கு, தண்ணீர் என்று சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். ஒரே மூச்சில் பாட்டில் பழரசம் கொடுத்தால்தான் அரை மணியில் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். நீங்களும் குடியுங்கள், அவள் பார்க்கும்படி.

நீர்க்கடுப்பு என்றால் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவார்களே, அதை மருந்தென்று நம்ப வேண்டாம். அதைத் தடவிவிட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் பெரிய கெடுதல்.

பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்தால் சிறுநீர்த் தொற்று வந்துவிடும் என்பது படித்தவர்களிடமும் இருக்கும் எண்ணம். சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை. அடக்குவதும் மலச்சிக்கலும் பின்னாலிருந்து முன்னால் துடைப்பதும் அது மேலே ஏற வழி செய்கின்றன. தொற்றுக்குப் பயந்து அடக்கினால் தொற்றுக்கே கதவைத் திறந்துவிடுகிறோம். கழிப்பறையிலிருந்து உண்மையில் நம்மோடு வருவது கைகளில் ஒட்டும் வயிற்றுப்போக்குக் கிருமிகள். ஆகவே அங்கே பயப்பட வேண்டிய பொருள் கதவின் தாழ்ப்பாள்தான். பர்ஸில் பேப்பர் சோப்பு ஒரு சிறு டப்பி வைத்திருங்கள். தண்ணீரில்லாமல் கையில் தடவிக்கொள்ளும் சானிடைசர் சோப்புக்கு ஈடாகாது.

பெண் குழந்தைகளின் தாய்மார்களுக்கு இன்னொரு குறிப்பு. அகலமான மேற்கத்திய இருக்கையில் உட்கார வைத்தால், விழுந்துவிடாமல் இருக்கத் தொடைகளை இறுக்கிக்கொள்வார்கள். கொஞ்சம் சிறுநீர் பிறப்புறுப்புக்குள் தேங்கி, எழுந்து நடந்ததும் ஜட்டியை நனைக்கும். “இப்போதுதானே போனாய்!” என்று திட்டு விழும். முழங்கால்களை அகட்டி உட்கார வையுங்கள். அல்லது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி திருப்பி உட்கார வையுங்கள், கால் தானாக அகலும், பிடித்துக்கொள்ளவும் இடம் கிடைக்கும். நம் ஊர்க் கழிப்பறையானால், அவள் முதுகு உங்கள் மார்பில் சாய, தொடைகளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் அவள் எதையுமே தொட வேண்டியதில்லை.

அத்தையின் ஒன்பது மாதம்

அவர் சொல்வதில் பொய் இல்லை. நீங்கள் தவறவிட்டதும் எதுவும் இல்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரு பாதங்களுக்கு நடுவே குழந்தையை இருத்தி, “உஸ்ஸ்” என்று ஒலி எழுப்பி, பால் குடித்த சற்று நேரத்தில் போக வைத்தார்கள். குழந்தையின் முகச்சுளிப்பையும் நெளிவையும் பார்த்து நேரம் அறிந்தார்கள். அங்கே பழகியிருந்தவர் தாய். குழந்தை அந்த ஒலிக்கு இணங்கியது. கொல்லைப்புறம் உள்ள வீடு, ஜட்டி போடாத குழந்தை, மடியில் வைத்துக்கொள்ள நான்கு பெண்கள் என்று அந்த முறைக்கு வேண்டியவை எல்லாம் அன்று இருந்தன. குழந்தை தானே உணர்ந்து, தானே சொல்லிப் போவது வேறு. அதற்கு இரண்டு வயதுக்கு முன்னும் பின்னும் ஆகும், மூன்றைத் தாண்டியும் போகலாம்.

அந்தக் கண் உங்கள் அத்தையிடம் இன்னும் இருக்கும். மண்டபத்தில் உங்களுக்கு ஆயிரம் வேலை. அவள் நெளிகிறாள் என்பதை உங்களுக்கு முன்பே அவர் பார்த்திருப்பார். பழனிக்கு அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். “அத்தை, நீங்கள் பார்த்துச் சொன்னால் நான் தூக்கிக்கொண்டு போகிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். வெற்றிலைக் காம்பைப் பற்றிப் பேசுவதற்கும் அதுதான் நல்ல சமயம்.

டயப்பர் போட்டால் எல்லாம் வீணாகிவிடுமா?

வீணாகாது. நீண்ட பயணத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் வரிசையில் நிற்பதற்கும் பேன்ட் போல இழுத்துப் போடும் டயப்பரைப் போடுங்கள். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, அதைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள். “நீ நனைத்துவிடுவாய், அதனால் போடுகிறேன்” என்றால் அவள் தோற்றுவிட்டாள் என்று ஆகிறது. “இது வண்டிக்குப் போடும் ஜட்டி, ஊருக்குப் போனதும் கழற்றிவிடுவோம்” என்றால் போதும். இரண்டு, டயப்பர் இருக்கிறதே என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள். நிறுத்தும் இடங்களில் எல்லாம் இறக்கி உட்கார வையுங்கள். போனால் சரி, போகாவிட்டாலும் சரி. நனைந்த டயப்பரைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். ரயில் கழிப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள் சிலர். இப்போதிருக்கும் பயோ கழிப்பறைகள் அதில்தான் அடைத்துக்கொள்கின்றன, அடுத்து வருகிற குழந்தைக்குத்தான் கஷ்டம்.

பழனிக்குப் போய் வாருங்கள்

தள்ளிப் போட வேண்டாம். மருந்து ஆரம்பித்து மலம் வலியில்லாமல் போக ஆரம்பித்துவிட்டால், மே மாதத்துக்குள் பாதிக் கிணறு தாண்டியிருப்பீர்கள். அதற்கு முன் சிறு சிறு ஒத்திகைகள் வேண்டும். பக்கத்து வீடு, பிறகு உங்கள் அம்மா வீடு, பிறகு ஒரு கோயில் அல்லது ஓட்டல். போனதும் முதல் வேலையாக அந்த இடத்துக் கழிப்பறையைக் காட்டிவிட்டு வாருங்கள். போகச் சொல்ல வேண்டாம். விளக்கைப் போட்டு, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தால் போதும்.

காரில் போவதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வீட்டில் அவள் உட்காரும் அதே பிளாஸ்டிக் இருக்கையை டிக்கியில் வைத்துக்கொண்டு போங்கள். (அதை ஆங்கிலச் சொல்லால் எழுதினால் ‘பாட்டி’ என்றாகி, அத்தையை டிக்கியில் வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால்தான் இவ்வளவு நேரமாக இருக்கை, இருக்கை என்கிறேன்.) இடம் மாறினாலும் இருக்கை மாறாது. உள்ளே ஒரு கவரை விரித்துவிட்டால் சுருட்டி எடுத்துப் போட்டுவிடலாம்.

ஒன்றரை மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல் என்று மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். அவள் கேட்டுத்தான் நிறுத்துவது என்று இருக்காதீர்கள். அவள் கேட்கும்போது உங்களுக்குச் சில நிமிடம்கூட இருக்காது. சுங்கச்சாவடிகளிலும் பெரிய பெட்ரோல் பங்க்குகளிலும் கழிப்பறை உண்டு. சாப்பிட்டவுடன் குடல் அசைவது இயற்கை; காலை இட்லி முடிந்ததும் உடனே வண்டியில் ஏற்றாமல் கால் மணி நேரம் இருந்து, அவளை உட்கார வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் அடுத்த அரை மணியில் வண்டியை ஓரம் கட்டுவார்கள்.

சாலையோரமே போதும் என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவசரத்துக்குச் சிறுநீர் என்றால் நானும் தடுக்க மாட்டேன். ஆனால் வண்டிகள் பறக்கும் பக்கத்துக் கதவைத் திறந்து இறக்காதீர்கள். இடது பக்கமாக இறங்கி, சாலையை விட்டு நன்றாகத் தள்ளி, ஒரு துண்டால் மறைத்துக்கொண்டு. மூன்று வயதுக்கும் மானம் உண்டு. பத்துப் பேர் பார்க்க உடை மாற்றுவதும் வேண்டாம்.

மலையடிவாரத்திலேயே ஒருமுறை போக வைத்துவிடுங்கள். படியேறினாலும் விஞ்சில் போனாலும் வரிசை உறுதி, நடுவில் விலகி வரவும் முடியாது. அங்கே டயப்பர் இருக்கட்டும். மொட்டை, காதுகுத்து என்று ஒரே நாளில் இரண்டு அழுகை இருக்கிறது. அந்த அழுகையில் நனைத்துவிட்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் துணியை மாற்றுங்கள். யாராவது பெரியம்மா வாயைத் திறந்தால் “சின்னக் குழந்தைதானே பெரியம்மா” என்று நீங்கள் சொல்வது அவள் காதில் விழ வேண்டும். மண்டபத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம்.

என் மகன் இரண்டரை வயதில், மதுரை போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெரியவரின் வேட்டியை நனைத்தான். நான் பதறி எழுந்தேன். அவர் வேட்டியை உதறிவிட்டு, “பேரன் மூன்று நாளாக ஊரில் இல்லை, அந்தக் குறை தீர்ந்தது” என்றார். எல்லாப் பெரியவர்களும் அப்படி இருப்பதில்லைதான்.

ப்ரீ-கேஜிக்கு முன்

பள்ளியிடம் மறைக்காதீர்கள். நேரில் போய், ஆயாம்மா கூட வருவாரா, எத்தனை மணிக்கு ஒருமுறை அழைத்துப் போவார்கள், எந்த வகைக் கழிப்பறை என்று பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்தால் அவளையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டுச் சொல் என்ன என்பதை ஆயாம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் மகள் ‘மூச்சா’ என்கிறாள். திருநெல்வேலி வீட்டில் அத்தனை பேரும் ‘ஒன்றுக்கு’ என்றிருப்பார்கள். மாலை மாற்றும் நேரத்தில் அவள் யாரிடமாவது சொல்லியிருந்து, அவர்களுக்குப் புரியாமல் போயிருந்தால்? இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, என் அறையில் பலமுறை கேட்ட கதை. பயணம் போகும்போது சித்திக்கும் பெரியப்பாவுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லி வையுங்கள்.

எப்போது உடனே காட்ட வேண்டும்

சிறுநீர் போகும்போது அழுதால், காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால், சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, அதோடு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, இளைத்தும் போனால் அன்றே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வரும். எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருந்தாலும், நடையில் மாற்றம் தெரிந்தாலும், முதுகின் அடியில் குழியோ மயிர்க்கொத்தோ இருந்தாலும் காட்டுங்கள். ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வேகமில்லாமல் சொட்டாகப் போனால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும். நான்கு வயதாகியும் பகலில் பழகாவிட்டால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உங்கள் மகளுக்கு இவற்றில் எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. மலச்சிக்கல் ஒன்றுதான், அதற்கு வழி இருக்கிறது.

கடைசியாக அந்தப் பட்டுப் பாவாடை. கறை போகவில்லை, பரணில் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்துச் சலவைக்குக் கொடுங்கள். வந்ததும் தையற்காரரிடம் கொடுத்து நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் வைக்கச் சொல்லுங்கள்; அவசரத்தில் பட்டு நாடாவின் முடிச்சை அவிழ்க்க உங்களாலேயே முடிந்திருக்காது, அவளால் எப்படி முடியும்? பழனிக்கு அதையே கட்டிவிடுங்கள்.